எழுபத்திரண்டு பேரும் எழுபத்திரண்டு நாளும்: பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு எந்தக் காலத்தது? எவ்வளவு நம்பலாம்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் சேமித்து வைத்து இரண்டு நாளாகப் படித்தாலும் சரி.

வாட்ஸ்அப்பில் இரண்டு விதமான செய்திகள் சுற்றி வருகின்றன. முதல் செய்தி: "கிறிஸ்துவுக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே 72 பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து பைபிளை எபிரேயத்திலிருந்து கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். 72 பிரதிகளும் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை." இரண்டாவது செய்தி நேர் எதிரானது: "அப்படி ஒரு மொழிபெயர்ப்பே கிறிஸ்துவுக்கு முன் கிடையாது. பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் தங்கள் வசதிக்குத் தயாரித்தது அது."

நான் இறையியல் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்று, பள்ளியில் கணக்கும் வரலாறும் சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்க நேரம் கிடைத்தது. இரண்டு செய்திகளும் சரியில்லை என்பதே நான் படித்ததிலிருந்து தெரிந்துகொண்டது. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். இந்த மொழிபெயர்ப்பை 'செப்டுவஜின்ட்' என்பார்கள். லத்தீனில் எழுபது என்று பொருள். தமிழில் 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' என்று சொல்வது வழக்கம். 72 என்பது சொல்லச் சொல்ல 70 ஆகிவிட்டது.

*கதை எங்கிருந்து வந்தது?*

எல்லாவற்றுக்கும் மூலம் 'அரிஸ்தேயாவின் கடிதம்' என்ற ஒரு கிரேக்க நூல். எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி (பிலடெல்பஸ், இறப்பு கி.மு. 246) அரசவையில் இருந்த அரிஸ்தேயா என்பவர் தன் சகோதரருக்கு எழுதியதாக அது சொல்லிக்கொள்கிறது. அலெக்சாந்திரியா நூலகத்தில் உலகத்து நூல்களை எல்லாம் சேர்க்க வேண்டும் என்று டெமட்ரியஸ் என்ற அறிஞர் அரசரிடம் சொல்கிறார். யூதர்களின் சட்ட நூலும் வேண்டும் என்கிறார். அரசர் எருசலேமின் பெரிய குருவான எலெயாசாருக்குக் கடிதம் அனுப்புகிறார். கோத்திரத்துக்கு 6 பேர் வீதம் 12 கோத்திரத்திலிருந்து 72 பேர் வருகிறார்கள். அரசர் ஏழு நாள் விருந்து வைத்து ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார். பிறகு அவர்கள் ஒரு தீவில் தங்கி 72 நாளில் வேலையை முடிக்கிறார்கள்.

கவனியுங்கள். இந்தக் கடிதத்தில் தனித்தனி அறை இல்லை. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசி, ஒப்பிட்டுப் பார்த்து, இணங்கிய வாசகத்தை எழுதினார்கள் என்றுதான் இருக்கிறது. இன்னொன்று, அவர்கள் மொழிபெயர்த்தது மோசேயின் ஐந்து நூல்கள் மட்டும். முழுப் பழைய ஏற்பாடு அல்ல.

பிறகு கதை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். இயேசு வாழ்ந்த அதே காலத்தில் அலெக்சாந்திரியாவில் இருந்த யூத அறிஞர் பைலோ, யாரோ காதில் சொல்லி எழுதவைத்ததுபோல எல்லாரும் ஒரே சொற்களை எழுதினார்கள் என்றார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஐரேனியஸ் காலத்தில் அரசர் அவர்களைப் பிரித்து உட்கார வைத்தார் என்று ஆயிற்று. நான்காம் நூற்றாண்டில் எபிபானியஸ், இரண்டிரண்டு பேராக 36 அறைகள் என்றார். யூதர்களின் தல்மூதிலும் 72 பேர் 72 வீடுகளில் இருந்ததாக வருகிறது. நானூறு ஐநூறு ஆண்டில் ஒரு குழு வேலை ஒரு அற்புதமாக மாறிவிட்டது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் இந்த அறைக் கதையைக் கேலி செய்தார். மொழிபெயர்ப்பாளனுக்குத்தான் மொழிபெயர்ப்பு எப்படி நடக்கும் என்று தெரியும்!

*கடிதத்தில் என்ன கோளாறு?*

1684-இல் ஆக்ஸ்போர்டில் ஹம்ப்ரி ஹோடி என்ற இளம் அறிஞர் இந்தக் கடிதம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்று விரிவாக நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியக்கூடிய இரண்டு காரணங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒன்று, டெமட்ரியஸ். அவர் உண்மையான மனிதர்தான். ஆனால் அவர் முதலாம் தாலமிக்கு நெருக்கமானவர். வாரிசு யார் என்ற கேள்வி வந்தபோது வேறொரு இளவரசரை ஆதரித்தார். அதனால் இரண்டாம் தாலமி பட்டத்துக்கு வந்ததும் அவரைத் தலைநகரை விட்டு விலக்கிவிட்டார். அங்கேயே இறந்தார் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அப்படி விலக்கப்பட்டவர் அதே அரசருக்கு நூலகத் திட்டம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டு, எழுதியவரே ஓரிடத்தில் பிடி கொடுத்துவிடுகிறார். "அந்த அரசர்கள் எல்லாவற்றையும் ஆணை பிறப்பித்து ஒழுங்காகச் செய்வார்கள்" என்ற தொனியில், முடிந்துபோன காலத்தைச் சொல்வதுபோல எழுதுகிறார். பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். ஆகவே கடிதம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் முடிவு.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 'கடிதம் பொய், ஆகவே மொழிபெயர்ப்பும் பொய்' என்று தாவிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் போலி என்றால் ஆளே பிறக்கவில்லை என்று ஆகுமா? ஆள் எதிரில் நிற்கிறாரே! சான்றிதழை ஒதுக்கிவிட்டு வேறு ஆதாரம் தேட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆதாரங்கள் நிறைய இருக்கின்றன.

*காலத்தைக் காட்டும் ஐந்து சாட்சிகள்*

முதல் சாட்சி ஒரு கணக்காளர். இவரும் டெமட்ரியஸ்தான், ஆனால் வேறு ஆள். பைபிளின் ஆண்டுக் கணக்குகளைக் கிரேக்கத்தில் எழுதிய யூதர். இவருடைய நூல் அழிந்துவிட்டது. சில பகுதிகளைப் பிற்கால ஆசிரியர்கள் எடுத்துக் காட்டியதால் தப்பின. நான்காம் தாலமி (கி.மு. 221–204) வரை கணக்கிட்டிருப்பதால் அவர் காலம் தெரிகிறது. ஆதாம் முதல் யாக்கோபின் குடும்பம் எகிப்துக்கு வந்தது வரை 3624 ஆண்டு என்கிறார். வெள்ளம் முதல் யாக்கோபு எகிப்து வந்தது வரை 1360 ஆண்டு என்கிறார். கழித்துப் பாருங்கள்: 2264. அதுதான் ஆதாமிலிருந்து வெள்ளம் வரை.

எபிரேய பைபிளில், அதாவது நம் கையில் உள்ள தமிழ் பைபிளில், ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தைக் கூட்டினால் வெள்ளம் வரை 1656 ஆண்டுதான் வரும். கிரேக்க ஆதியாகமத்தில் கூட்டினால் சில பிரதிகளில் 2242, சிலவற்றில் 2262. வெள்ளத்துக்கு இரண்டு ஆண்டு கழித்துச் சேமுக்கு மகன் பிறந்தான் என்ற அந்த 2 ஆண்டைச் சேர்த்தால் 2264! ஆக, கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் இவர் கையில் கிரேக்க ஆதியாகமம் இருந்திருக்கிறது.

இரண்டாவது சாட்சி ஒரு பேரன். சிராக்கின் ஞான நூலை எபிரேயத்தில் எழுதியவருடைய பேரன், யூர்கெட்டஸ் அரசரின் 38-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 132-இல் எகிப்துக்கு வந்து, தாத்தாவின் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். கத்தோலிக்க பைபிளில் அந்த நூல் இருக்கிறது, முன்னுரையைப் பாருங்கள். எபிரேயத்தில் சொன்னது வேறு மொழிக்குப் போகும்போது அதே வலிமையோடு இருப்பதில்லை, என் நூல் மட்டுமல்ல, சட்டமும் இறைவாக்குகளும் மற்ற நூல்களும்கூட மூலத்தில் படிக்கும்போது வேறுபடுகின்றன என்கிறார். அதற்குள் அவை எல்லாம் பெரும்பாலும் கிரேக்கத்தில் வந்துவிட்டன என்று இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாவது சாட்சி குப்பைக் காகிதம். எகிப்தில் மம்மிகளை மூடுவதற்குப் பழைய பப்பைரஸ் தாள்களை ஒட்டி அட்டைபோலச் செய்வார்கள். அப்படி ஒரு அட்டையைப் பிரித்தபோது உபாகமம் 23 முதல் 28 வரையுள்ள சில பகுதிகள் கிரேக்கத்தில் கிடைத்தன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ரைலண்ட்ஸ் நூலகத்தில் 458 என்ற எண்ணில் இருக்கிறது, 1936-இல் வெளியிட்டார்கள். கையெழுத்தைத் தேதி போட்ட மற்ற பத்திரங்களோடு ஒப்பிட்டு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று முடிவு செய்தார்கள். கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டுக்கும் மேல் முந்தியது. 'கிறிஸ்துவுக்கு முன் கிடையாது' என்பவர்களுக்கு இந்த ஒரு துண்டு போதும்.

நான்காவது சாட்சி சாக்கடல் குகைகள். கும்ரானில் கிடைத்தவை பெரும்பாலும் எபிரேயமும் அரமேயமும். ஆனால் லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம், யாத்திராகமம் ஆகியவற்றின் கிரேக்கத் துண்டுகளும் கிடைத்தன. கும்ரானுக்குத் தெற்கே நகால் எவேர் குகையில் சிறிய தீர்க்கதரிசிகளின் கிரேக்கச் சுருள் ஒன்றும் கிடைத்தது. இயேசு பிறந்த காலத்தை ஒட்டியது அது. 1953-இல் டொமினிக் பார்த்தெலமி என்ற பாதிரியார் அதைப் பற்றி முதலில் எழுதினார். அவர் சொன்ன முக்கியமான செய்தி: இது புது மொழிபெயர்ப்பு அல்ல, ஏற்கெனவே இருந்த கிரேக்க மொழிபெயர்ப்பை எபிரேயத்தோடு ஒப்பிட்டு யூதர்களே திருத்திய பிரதி. திருத்த வேண்டும் என்றால் முதலில் ஒன்று இருக்க வேண்டுமே! இதில் இறைவனின் பெயரை மட்டும் பழைய எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யூதர்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

ஐந்தாவது சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது: மனுக்கள். எகிப்தில் ஹெராக்ளியோபோலிஸ் என்ற ஊரில் யூதச் சமூகத்துக்கு ஒரு தனி நிர்வாகம் இருந்தது. கி.மு. 144 முதல் 132 வரையிலான சுமார் இருபது பத்திரங்கள் கிடைத்து 2001-இல் வெளியாயின. அவற்றுள் ஒன்றில், தனக்கு நிச்சயித்த பெண்ணை, விவாகரத்துச் சீட்டு வாங்காமலேயே அவள் தகப்பனார் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் புகார் செய்கிறார். அந்த 'விவாகரத்துச் சீட்டு' என்ற சொல், கிரேக்க உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் வரும் அதே சொல். ஒரு நூலின் சொல் சாதாரண மனிதனின் புகார் மனுவுக்குள் வந்திருக்கிறது என்றால், அந்த நூல் ஊருக்குள் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

இந்த ஐந்தையும் சேர்த்தால் கிடைப்பது இதுதான். மோசேயின் ஐந்து நூல்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்கு வந்தன. அங்கே பேசப்பட்ட சாதாரணக் கிரேக்கத்தின் சாயல் மொழிநடையில் இருப்பதால், செய்தவர்கள் எருசலேமிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்ல, உள்ளூர் யூதர்களாகவே இருக்கலாம். தீர்க்கதரிசிகள் முதலியவை அடுத்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்தன. பிரசங்கி போன்ற ஒன்றிரண்டு இன்னும் பிந்தியவை. எஸ்தர் நூலின் முடிவில் மட்டும் ஒரு குறிப்பு இருக்கிறது: தாலமி–கிளியோபாட்ரா ஆட்சியின் நான்காம் ஆண்டு என்று. கிளியோபாட்ராவை மணந்த தாலமிகள் பலர் இருந்ததால் அந்த ஆண்டு எது என்பதிலேயே கருத்து வேறுபாடு! கி.மு. 114 என்றும் 77 என்றும் சொல்கிறார்கள்.

ஆக எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பது ஒரு புத்தகம் அல்ல, ஓர் அலமாரி. பல கைகள், பல காலம், பல தரம். 'நம்பலாமா?' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நூல், எந்த இடம் என்று கேட்க வேண்டும்.

*மொழிபெயர்ப்பாளர் தவறினாரா, மூலமே வேறா?*

நெடுங்காலம் அறிஞர்கள் இப்படி நினைத்தார்கள்: கிரேக்கமும் எபிரேயமும் வேறுபட்டால் கிரேக்கக்காரர் தவறு செய்துவிட்டார், அல்லது சொந்தமாகச் சேர்த்தார். 1947-க்குப் பிறகு சாக்கடல் சுருள்கள் வந்ததும் அந்த எண்ணம் மாறியது. சில உதாரணங்கள். பைபிளை வைத்துக்கொண்டு நீங்களே பாருங்கள்.

கோலியாத்தின் உயரம். நம் தமிழ் பைபிளில் ஆறு முழமும் ஒரு சாணும். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுமார் 2.9 மீட்டர். கிரேக்கத்தில் பழைய பிரதியில் நான்கு முழமும் ஒரு சாணும், சுமார் 2 மீட்டர். கிரேக்கக்காரர் நம்பமுடியாமல் குறைத்துவிட்டார் என்று சொல்லலாம் அல்லவா? ஆனால் கும்ரானில் கிடைத்த எபிரேய சாமுவேல் சுருளிலும் நான்கு முழம்தான்! யூத வரலாற்றாசிரியர் யோசேபசும் நான்கு என்கிறார். இரண்டு மீட்டர் ஆள் என்றாலும் அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் பயந்திருப்பார்கள்.

அன்னாள் குழந்தை சாமுவேலைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது மூன்று காளைகளைக் கொண்டுபோனாள் என்று தமிழில் இருக்கிறது. அடுத்த வசனத்தில் பலியிடுவது ஒரே காளை. மற்ற இரண்டு எங்கே? கிரேக்கத்தில் 'மூன்று வயதுக் காளை' என்று இருக்கிறது. கும்ரான் சுருளும் அதையே சொல்கிறது. எபிரேயத்தில் ஓர் எழுத்தை முன்சொல்லோடு சேர்ப்பதா பின்சொல்லோடு சேர்ப்பதா என்பதில் வந்த குழப்பம் இது. கணக்கு இப்போது சரியாகிவிட்டது.

யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்கள் யாத்திராகமம் 1-இல் 70 பேர். அப்போஸ்தலர் 7-இல் ஸ்தேவான் 75 என்கிறார். ஸ்தேவான் சொன்னது கிரேக்க பைபிளின் எண். கும்ரானின் எபிரேயச் சுருள் ஒன்றிலும் 75 இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரியது எரேமியா. கிரேக்க எரேமியா எபிரேயத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சிறியது; அதிகார வரிசையும் வேறு. மொழிபெயர்த்தவர் சோம்பேறி, விட்டுவிட்டார் என்றே சொல்லி வந்தார்கள். கும்ரானில் அதே குறுகிய வடிவத்தைக் காட்டும் எபிரேயத் துண்டு கிடைத்தது. 10-ஆம் அதிகாரத்தில் கிரேக்கத்தில் இல்லாத வசனங்கள் அதிலும் இல்லை. ஆக, அவர் எதையும் விடவில்லை. தன் முன்னால் இருந்ததை அப்படியே பெயர்த்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டாக அவர் மேல் சுமத்திய பழியை ஒரு தோல் துண்டு துடைத்துவிட்டது. அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

*எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்*

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் கிரேக்கம்தான் சரி, எபிரேயம் தவறு' என்று கிளம்பிவிடக் கூடாது.

மெத்தூசலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 969 ஆண்டு வாழ்ந்தவர். பல கிரேக்கப் பிரதிகளில் அவர் 167-ஆம் வயதில் லாமேக்கைப் பெற்றார். லாமேக்கு 188-இல் நோவாவைப் பெற்றார். நோவாவின் 600-ஆம் வயதில் வெள்ளம். கூட்டுங்கள்: 955. அதாவது வெள்ளம் வந்தபோது மெத்தூசலாவுக்கு 955 வயது. அதற்குப் பிறகும் 14 ஆண்டு இருந்திருக்கிறார். பேழையில் அவர் இல்லை. எங்கே நீந்திக்கொண்டிருந்தார்? ஜெரோமும் அகஸ்டினும் இதைப் பேசியிருக்கிறார்கள். எபிரேயத்தில் 187, 182, 600. கூட்டினால் சரியாக 969. வெள்ளத்து ஆண்டிலேயே முடிந்துவிடுகிறது. சில கிரேக்கப் பிரதிகளிலும் 187 இருக்கிறது. மேலே சொன்ன டெமட்ரியஸின் 2264-உம் 187 இருந்தால்தான் வரும். ஆகவே இந்தத் தவறு மொழிபெயர்த்தவருடையதா, படியெடுத்தவருடையதா என்பதே கேள்வி.

அடுத்து, நம்மிடம் உள்ள முழுப் பிரதிகளின் வயது. வாட்டிகன், சினாய் கோடெக்ஸுகள் கி.பி. நான்காம் நூற்றாண்டு, அலெக்சாந்திரியா கோடெக்ஸ் ஐந்தாம் நூற்றாண்டு. முதல் மொழிபெயர்ப்புக்கும் இவற்றுக்கும் இடையே ஏறக்குறைய 600 ஆண்டு. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்கள் கை பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது. ரோமர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் பல இடங்களிலிருந்து எடுத்த வசனங்களை ஒன்றாகக் கோத்துச் சொல்கிறார். அந்தக் கோவை அப்படியே வாட்டிகன், சினாய் பிரதிகளில் 14-ஆம் சங்கீதத்துக்குள் புகுந்திருக்கிறது. அலெக்சாந்திரியா பிரதியில் இல்லை; எபிரேயத்திலும் இல்லை. படியெடுத்தவர் மனப்பாடமாகத் தெரிந்ததை உள்ளே சேர்த்துவிட்டார்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர், 96-ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் 'மரத்திலிருந்து' ஆட்சி செய்கிறார் என்று இருந்ததாகவும், சிலுவையைக் குறிப்பதால் யூதர்கள் அதை அழித்துவிட்டதாகவும் குற்றம் சாட்டினார். எபிரேயத்தில் அந்தச் சொல் இல்லை. கிறிஸ்தவர்களே எழுதிய பெரிய கிரேக்கக் கோடெக்ஸுகளிலும் இல்லை. யூதர்கள் அழிக்கவில்லை, கிறிஸ்தவர் யாரோ சேர்த்ததுதான். குற்றம் சாட்டுகிறவர் கையிலிருக்கும் பிரதியையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஏசாயா 7:14-ஐப் பற்றியும் கேட்பீர்கள். எபிரேயச் சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்' என்று பெயர்த்திருக்கிறார்கள். கன்னி என்பது அதன் வழக்கமான பொருள். ஆனால் கிரேக்க ஆதியாகமம் 34-இல் தீனாள் கெடுக்கப்பட்ட பிறகும் அவளை அதே சொல்லால் குறிக்கிறார்கள். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்து, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பெரிய கட்டடம் கட்ட முடியாது. ஒன்று மட்டும் உறுதி: இதைக் கிறிஸ்தவர்கள் மாற்றி எழுதினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தச் சொல்லை மறுத்து வேறு மொழிபெயர்ப்புகள் எழுந்தது பிறகுதான்.

*ஒரு செடிக்காக நடந்த சண்டை*

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற அறிஞர் இந்தக் குழப்பத்தைப் பார்த்து, எபிரேயத்தையும் பல கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் பக்கம் பக்கமாக எழுதினார். கிரேக்கத்தில் கூடுதலாக உள்ளதற்கு ஒரு குறி, எபிரேயத்திலிருந்து எடுத்துச் சேர்த்ததற்கு நட்சத்திரக் குறி. எவ்வளவு நேர்மை! ஆனால் பின்னால் படியெடுத்தவர்கள் குறிகளை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எழுதினார்கள். பிரித்துக் காட்டச் செய்த வேலையே எல்லாவற்றையும் கலந்துவிட்டது.

பிறகு ஜெரோம் எபிரேயத்திலிருந்து நேராக லத்தீனுக்குப் பெயர்த்தார். 403-இல் அகஸ்டின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வட ஆப்பிரிக்காவில் ஒரு ஊரில் ஆயர் ஒருவர் ஜெரோமின் யோனாவை வாசித்தாராம். யோனாவுக்கு நிழல் தந்தது சுரைக்கொடி என்று எழுபதின்மர் வழியாக மக்கள் கேட்டுப் பழகியிருந்தார்கள். ஜெரோம் வேறு கொடியின் பெயரைப் போட்டிருந்தார். சபையில் பெரிய கூச்சல். ஆயர் தன் மக்களை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டார். ஜெரோம் பதில் எழுதினார்: அந்த எபிரேயச் செடிக்கு லத்தீனில் பெயர் இல்லை, அகன்ற இலை, தன் தண்டிலேயே நிற்கும், எபிரேயப் பெயரையே போட்டிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. நம் தமிழ் பைபிளில் யோனா 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: ஆமணக்கு. அகன்ற இலை, தன் தண்டில் நிற்பது. அந்தச் சண்டையில் யாருக்கும் கிடைக்காத சொல் நம் கொல்லையில் வளர்கிறது!

*முடிவாக*

72 அறையும் 72 ஒரே பிரதியும் கதை. கிறிஸ்துவுக்குப் பின் செய்த மோசடி என்பதும் கதை. உண்மை இரண்டுக்கும் நடுவில், இரண்டையும்விடச் சுவையாக இருக்கிறது. கிரேக்கம் பேசிய யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எபிரேயம் மறந்துபோகும் காலத்தில், ஒவ்வொரு நூலாக, தங்களால் முடிந்த அளவு நேர்மையாகப் பெயர்த்தார்கள். நன்றாகச் செய்தவர் உண்டு, சுமாராகச் செய்தவர் உண்டு. கி.பி. 115–117 கலகத்தில் எகிப்தின் யூதச் சமூகம் ஏறக்குறைய அழிந்தது. அவர்களுடைய நூலைக் காப்பாற்றியவர்கள் கிறிஸ்தவர்கள். காப்பாற்றும்போதே சில இடங்களில் கறையும் படியவைத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்களில் நம்பிக்கையுள்ளவர்கள் இதனால் மனம் கலங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூலங்கள் வேறுபடுகின்றன என்று சொல்வது நம்பிக்கையை அவமதிப்பது ஆகாது. தாத்தாவின் நூலைப் பெயர்த்த அந்தப் பேரன், தன் வேலையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் கேட்டே தொடங்குகிறார். கேட்டவர் நூலைக் காலம் கைவிடவில்லை. அற்புதக் கதையைவிட அந்தப் பணிவுதான் என்னை அவரை நம்பவைக்கிறது.

அடுத்த முறை யாராவது இந்தச் செய்தியை அனுப்பினால், முன்னனுப்புவதற்கு முன் ஆதியாகமம் 5-ஐ எடுத்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். பேரக் குழந்தைகளையும் கூட உட்கார வையுங்கள். கூட்டல் கணக்குக்கு நல்ல பயிற்சி.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.